கெட்டிமேளம் கேட்கிறது, படம் நின்றுவிட்டது

தங்கை மகள் கல்யாண வீடியோ பென் டிரைவில் வந்து சேர்ந்தது. ஒரே கோப்பு, 37 ஜிபி. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

வரவேற்பு, மாலை மாற்றல் எல்லாம் விக்கி விக்கி ஓடின. சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் படம் நின்றது. கெட்டிமேளம் மட்டும் முழங்குகிறது; தூவிய அட்சதை மாப்பிள்ளையின் தலைக்கு ஒரு முழம் மேலே அந்தரத்தில் தொங்குகிறது. மறுபடி அசைந்தபோது மெட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். “தாலி கட்டினானா இல்லையாடா?” என்றார் அம்மா.

முதலில் பென் டிரைவைச் சந்தேகித்தேன். அரை மணி நேரம் காத்திருந்து கோப்பை ஹார்டு டிஸ்குக்கு மாற்றினேன். அதே இடத்தில் அதே அட்சதை. பிளேயரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன், பயனில்லை. அடுத்து செய்தது சுத்த முட்டாள்தனம்: பல வகை வீடியோக்களையும் ஓடவைக்கும் என்று எங்கோ கிடைத்த இலவச ‘கோடெக் பேக்’ மென்பொருள் ஒன்றை இறக்கிப் போட்டேன். படம் சரியாகவில்லை. பிரவுசரின் முகப்புப் பக்கம் மாறியதும், ஓரத்தில் விளம்பரங்கள் முளைத்ததும்தான் மிச்சம். அவற்றைக் களைய ஒரு மாலைப் பொழுது போயிற்று.

முதலிலேயே செய்திருக்க வேண்டியதை மூன்றாம் நாள்தான் செய்தேன். வீடியோ ஓடும்போதே, கம்ப்யூட்டரின் வேலைப்பளுவைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். கம்ப்யூட்டரின் மூளையான சிபியூவின் சுமை 100 சதவீதம். என் பிளேயரான விஎல்சியில் கன்ட்ரோல், ஜே இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கோப்பின் ஜாதகமே வந்துவிடும். வீடியோவைச் சுருக்கிய முறை எச்.265, அதாவது ஹெச்இவிசி. அளவு 3840க்கு 2160 புள்ளிகள். பக்கத்துப் பட்டியலில் தவறிப்போன பிரேம்களின், அதாவது வீடியோவில் அடுத்தடுத்து வரும் தனிப் படங்களின், எண்ணிக்கை ஆட்டோ மீட்டர் மாதிரி ஏறிக்கொண்டிருந்தது.

எதுவும் பழுதாகவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. எச்.265 என்பது 2013இல் வந்த முறை. கோப்பை நன்றாகச் சுருக்கும். ஆனால் சுருக்கியதைப் பிரிக்க உழைப்பு அதிகம். அந்த வேலைக்கென்றே தனிப் பகுதி இன்டெல் சில்லுகளில் முழுமையாக வந்தது ஆறாம் தலைமுறையில், 2015இல். என் வீட்டில் இருப்பது நான்காம் தலைமுறை ஐ3. ஆகவே மொத்தச் சுமையும் சிபியூவின் தலையில் விழுகிறது. ஆள் அசையாமல் நிற்கும் காட்சியில் ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் பெரிய மாற்றமில்லை, எப்படியோ சமாளித்துவிடுகிறது. நூறு கைகள் அட்சதை தூவும்போது ஒவ்வொரு அரிசியும் ஒரு திசையில் பறக்கிறது. அங்கேதான் மூச்சு முட்டியிருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. ஒரு பிரேமில் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். என் மானிட்டர் காட்டுவதோ 1366க்கு 768, பத்தரை லட்சம் புள்ளிகள்கூட முழுதாகத் தேறாது. எட்டில் ஒரு பங்கைப் பார்ப்பதற்காக இத்தனை பாடு!

கோப்பை மாற்றிக்கொள்வதுதான் வழி. வீடியோவை வேறு முறைக்கு மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளை, இம்முறை அதன் சொந்தத் தளத்திலிருந்தே, இறக்கினேன். பிரிக்க உழைப்புக் குறைவான பழைய முறை எச்.264, உயரம் 1080 புள்ளிகள் என்று வைத்துக்கொண்டு, முழுப் படத்தையும் கொடுப்பதற்கு முன் தாலி கட்டும் இரண்டு நிமிடத்தை மட்டும் மாற்றிப் பார்த்தேன். இது முக்கியம். ஒலியும் உதட்டசைவும் பொருந்துகின்றனவா என்பது இரண்டு நிமிடத்திலேயே தெரிந்துவிடும். விடிய விடிய ஓடவிட்டுக் காலையில் தலையில் கைவைத்துக்கொள்ள வேண்டாம். அட்சதை ஒழுங்காகக் கீழே விழுந்தது. இரவு ஒன்பதரைக்கு முழுக் கோப்பையும் கொடுத்தேன். சிபியூ விசிறி மாவு மில் மாதிரி இரைந்தது. கம்ப்யூட்டர் தானாகத் தூங்கிவிடாதபடி பவர் அமைப்பை மாற்றிவிட்டுப் படுத்தேன்.

காலையில் 6 ஜிபிக்கு ஒரு கோப்பு தயாராக இருந்தது. அம்மா காபியோடு வந்து உட்கார்ந்தார். தாலி கட்டும் இடத்தை மூன்று முறை ஓட்டச் சொன்னார். பிறகு, சாப்பாட்டுப் பந்தியில் தன்னை ஏன் எடுக்கவில்லை என்று கோபித்துக்கொண்டார். அதற்கு என்னிடம் மென்பொருள் இல்லை.

மூலக் கோப்பை அழிக்கவில்லை, வெளி ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. அடுத்து வளைகாப்பு வருகிறது. எச்.264இல் ஒரு பிரதியும் சேர்த்துத் தரும்படி ஸ்டூடியோக்காரரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். அம்மாவைப் பந்தியில் எடுக்கும்படியும்.