பிரேக் ஆயிலும் பத்தாம் வகுப்புக் கரைசல்கள் பாடமும்

எங்கள் வீட்டு ஸ்விஃப்ட் 2015 மாடல், பெட்ரோல். வருஷம் தவறாமல் சர்வீஸ் விட்ட வண்டி. ஒவ்வொரு பில்லும் ரேஷன் கார்டு இருக்கும் ஃபைலிலேயே பத்திரமாக இருக்கிறது. உடுமலையில் எங்கள் ஸ்டாஃப் ரூமில் கார் ஓட்டுகிறவர்கள் நாலு பேர். அதில் வண்டியை ஒழுங்காக வைத்திருப்பவள் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. 2022 மே மாதம் ஆழியாறு மலைப்பாதையில் அது போயிற்று.

வால்பாறையில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். முன் சீட்டில் அத்தை, பின்னால் மகனும் இரண்டு கிலோ டீத்தூளும். கீழே ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு ஏறினேன். இறங்கும்போது பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று, நேரான இடம் வந்தால் நியூட்ரல், வளைவு வந்தால் பிரேக். ஏதோ ஒரு வளைவில் அத்தை மூக்கைச் சுளித்தார். "ஏங்கண்ணு, என்னமோ கருகற வாசம் வருது?" டீ ஃபேக்டரி வாசமாக இருக்கும் என்றேன். ஃபேக்டரி எல்லாம் எப்போதோ பின்னால் போய்விட்டிருந்தது.

அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தால், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. அழுத்த அழுத்தப் போய்க்கொண்டே இருந்தது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, எப்படியோ ஒன்பதாவது வளைவு லோம்ஸ் வியூவில் ஓரம் கட்டினேன். பாறை மேல் இரண்டு வரையாடுகள் நின்றன. மகன் போட்டோ எடுத்தான். எனக்குக் கை நடுங்கியது.

பின்னால் வந்த எஸ்டேட் லாரி டிரைவர் இறங்கி வந்து சக்கரத்தருகில் மோந்து பார்த்தார். "தண்ணிகிண்ணி ஊத்தீராதீங்கக்கா. அரை மணி நேரம் சும்மா நிக்கட்டும். அப்புறம் ரெண்டாவது கியரை விட்டு எடுக்காம எறங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சூடான டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் வளைந்துவிடும் என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலை பழனி ரோட்டில் எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் பானெட்டைத் திறந்து, பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றி என்னிடம் காட்டினார். நல்லெண்ணெயை விட வெளுப்பாக இருக்க வேண்டியது, கடுங்காப்பி மாதிரி இருந்தது.

"டீச்சர், இது வண்டி பொறந்ததுல இருந்து மாத்தலீங்க."

"இல்லீங்கண்ணா, வருஷா வருஷம் சர்வீஸ் விடறேனே."

"சர்வீஸ் விட்டீங்க. இதை மாத்தச் சொன்னீங்ளா?"

வீட்டுக்கு வந்து ஃபைலை எடுத்துப் பார்த்தேன். ஏழு பில். மூன்றில் 'பிரேக் ஆயில் டாப் அப்' என்று இருந்தது, மாற்றியதாக ஒன்றில்கூட இல்லை. வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்று என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. புத்தகம் டேஷ்போர்டுக்குள் பாலித்தீன் உறை பிரிக்காமல் கிடந்தது.

இதில் எனக்கு உறைத்தது வேறு விஷயம். பத்தாம் வகுப்புக்கு வருஷா வருஷம் கரைசல்கள் பாடம் எடுக்கிறேன். ஈரம் உறிஞ்சும் சேர்மங்கள் என்று போர்டில் எழுதி நாலு உதாரணம் சொல்வேன். காலால் மிதிக்கும் அழுத்தத்தைக் குழாய் வழியாகச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிரேக் ஆயிலும் அதே ஜாதி. காற்றிலிருக்கும் ஈரத்தைச் சிறுகச் சிறுக இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த விதியே 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்தில் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக் குமிழி சேரும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நான் மிதித்ததெல்லாம் குமிழியை அமுக்கவே செலவாகியிருக்கிறது. என் மாணவன் யாராவது பரீட்சையில் இதை விளக்கியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

'டாப் அப்' செய்ததும் தப்பு என்றார் அண்ணன். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் காலிபர் பிஸ்டன் வெளியே நகரும், டப்பாவில் அளவு இறங்கும். அளவு இறங்கினால் ஒன்று பேட் தேய்ந்திருக்கிறது, இல்லை எங்கோ கசிகிறது. மேலே ஊற்றி நிரப்பிவிட்டால் அந்தச் சேதி மறைந்துவிடும். என் முன்பக்க பேட் தீப்பெட்டி அட்டை கனத்துக்குத் தேய்ந்திருந்தது. ஆயில், பேட், கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம். அதற்கு முந்தைய சர்வீஸ் பில்லில் இன்ஜின் ஃப்ளஷ், ஏசி நறுமணம், அடிப்பாகக் கோட்டிங் என்று நான் கேட்காமலே ஏறியிருந்தது அதைவிட அதிகம்!

பெட்ரோல் மிச்சக் கணக்கும் பொய்த்துப்போனது. இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டால் பெட்ரோல் தானாக நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் ஓட பெட்ரோல் குடிக்கும். ஏழு வருஷம் தலைகீழாகச் செய்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை, காபிக்கு முன்னால், ஐந்து நிமிஷம் வண்டியோடு. ஆயில் குச்சியை இழுத்துத் துடைத்துப் பார்ப்பது, கூலண்ட் டப்பாவில் கோட்டைப் பார்ப்பது, பிறகு டயர். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் குட்டிக் காற்றுப் பம்பு ஒன்று வாங்கினேன். பங்க்கில் பையன்கள் எல்லா வண்டிக்கும் கண்ணை மூடிக்கொண்டு காற்றழுத்தம் 35 பிஎஸ்ஐ வைக்கிறார்கள். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் என்ன எண்ணோ அதுதான் கணக்கு, அதுவும் டயர் ஆறியிருக்கும்போது. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பார்த்தால் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும்.

டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷத்தின் 23ஆவது வாரம் செய்தது. அதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கே டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பார்த்தேன். 4814. ஒருநாள்கூட ரோட்டைத் தொடாத டயர், பக்கவாட்டில் முடி முடியாக வெடிப்பு. காற்று 12 பிஎஸ்ஐ. அதை நம்பித்தான் வால்பாறை போயிருக்கிறேன்.

ஏர் ஃபில்டர் விஷயத்தில் எங்கள் ஊருக்குத் தனிக் கணக்கு. ஆடிக் காற்றில் புழுதியும் நார் மில் தூசியும் சேர்ந்து வரும். புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை இங்கே காத்திருக்க முடியாது. ஆவணி பிறந்ததும் கழற்றிப் பார்த்துவிடுவேன். நாலு கிளிப்தான், யாருக்கும் கூலி தர வேண்டாம். அடைத்திருந்தால் மைலேஜை விட பிக்கப்தான் அடி வாங்கும்.

எலி வயரைக் கடித்த கதையும் இருக்கிறது, அதற்குத் தனியாகவே ஒரு பதிவு வேண்டும்.

போன மாசம் மறுபடி வால்பாறை. இறங்கும்போது முழுக்க இரண்டாவது கியர். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டே ஒட்டி வந்தது. லோம்ஸ் வியூவில் ஒதுங்கி வழி விட்டேன். அது கடந்து போனதும் கண்ணாடி வழியாக அதே கருகல் வாசம். அத்தை என் பக்கம் திரும்பி, "டீ ஃபேக்டரியா கண்ணு?" என்றார்.