பின்னப் பணக் கணக்கைக் கடைசி வரியிலிருந்து போடுவது

கையிலிருந்த பணத்தில் 1/3 பங்கைப் புத்தகத்துக்குச் செலவழித்தார் ஒருவர். மீதியில் 2/5 பங்கு துணிக்குப் போயிற்று. பிறகு பேருந்துக்கு 60 ரூபாய். கடைசியில் 120 ரூபாய் மிஞ்சியது. முதலில் எவ்வளவு இருந்தது?

x என்று வைத்துத் தொடங்கினாலும் விடை வரும். ஆனால் இரண்டாவது வரியிலேயே பின்னத்துக்குள் பின்னம் வந்து உட்கார்ந்துகொள்ளும். கையில் எவ்வளவு இருந்தது என்று நமக்கு நிச்சயமாகத் தெரிவது கடைசியில் மட்டும்தான். அங்கிருந்தே கிளம்பலாம்.

120-உடன் 60-ஐச் சேர்த்தால் 180. துணி வாங்கியபின் கையிலிருந்த தொகை இது. துணிக்கு 2/5 போயிருக்கிறது என்றால் இந்த 180 அப்போதைய பணத்தில் 3/5. மூன்று பங்கு 180, ஒரு பங்கு 60, ஐந்து பங்கு 300. இந்த 300 புத்தகத்துக்குப் பிறகு மிஞ்சிய 2/3. இரண்டு பங்கு 300, ஒரு பங்கு 150, மூன்று பங்கு 450. விடை 450. மேலிருந்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்: 150 போக 300, 120 போக 180, 60 போக 120.

மாணவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் 180-தான். "2/5 போனது, அதனால் 2/5-ஐத் திருப்பிச் சேர்க்கிறேன்" என்று 180-இல் 2/5 கண்டுபிடித்து, 72-ஐக் கூட்டி, 252 என்று எழுதிவிடுவார்கள். அந்த 2/5 எடுக்கப்பட்டது 300-இலிருந்து. பெரிய தொகையின் பங்கைச் சின்னத் தொகையில் அளந்தால் குறைவாகத்தான் வரும். செலவான பின்னத்தை மறந்துவிட்டு, மிஞ்சிய பின்னத்தை ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதிக்கொண்டால் இந்தத் தவறு வராது.

"மீதியில்" என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். அதே கணக்கில் துணிக்கும் "மொத்தப் பணத்தில் 2/5" என்றிருந்தால் 1/3 + 2/5 = 11/15 செலவு; 180 என்பது 4/15; விடை 675 ஆகிவிடும். ஒரு சொல்லுக்கு 225 ரூபாய் வித்தியாசம்!

அடுத்தது, "பாதியும், மேலே 10 ரூபாயும்" வகை. ஒவ்வொரு முறையும் கையிலிருப்பதில் பாதியையும் இன்னும் 10 ரூபாயையும் செலவழிக்கிறார். மூன்றாம் முறையோடு காலி. கடைசியாகப் போனது 10. ஆகவே அதை முதலில் திருப்பிக் கூட்டிவிட்டு, பிறகுதான் இரட்டிக்க வேண்டும். 0, 10, 20. பிறகு 30, 60. பிறகு 70, 140. வரிசையை மாற்றி, இரட்டித்துவிட்டு 10 கூட்டினால் 70 என்று வரும். சரிபார்த்தால் இரண்டு முறை செலவழித்ததும் கையில் இரண்டரை ரூபாய்தான் நிற்கும், மூன்றாம் செலவுக்கு வழியே இருக்காது.

இந்த வழி பழையது. பெருக்கல் வகுத்தலாகும், கூட்டல் கழித்தலாகும் என்ற தலைகீழ் விதியை ஆரியபட்டரே சொல்லியிருக்கிறார். 1150-இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதி என்ற கணித நூலில் ஒரு யாத்திரிகர் கணக்கு உண்டு: பிரயாகையில் பாதி, மீதியில் 2/9 காசியில், அதன் மீதியில் கால் பங்கு வழிச் சுங்கம், அதன் மீதியில் 6/10 கயையில்; மிச்சம் 63 நிஷ்கம் (அக்கால நாணயம்). பின்னோக்கிப் போனால் 63 என்பது 4/10, ஆகவே 157½. அது முக்கால், ஆகவே 210. அது 7/9, ஆகவே 270. அது பாதி, ஆகவே 540. நடுவில் அரை வந்தது என்று பதறி அழிக்க வேண்டியதில்லை.

இருவர் பணம் கைமாறும் கணக்கில் ஆளுக்கு ஒன்றாக இரண்டு நெடுவரிசை போட்டு எழுதுங்கள். முதலாமவர் தன் பணத்தில் ¼ பங்கை இரண்டாமவருக்குக் கொடுத்தார். பிறகு இரண்டாமவர் தன்னிடம் இருந்ததில் 1/3 பங்கைத் திருப்பிக் கொடுத்தார். இப்போது இருவரிடமும் 120. இரண்டாமவரின் 120 என்பது 2/3, அதற்குமுன் 180. கொடுத்தது 60, எனவே முதலாமவரிடம் 60. இந்த 60 என்பது முக்கால், அதற்குமுன் 80. கொடுத்தது 20, எனவே இரண்டாமவரிடம் 160. ஒவ்வொரு வரியிலும் கூட்டுத்தொகை 240 வருகிறதா என்று பாருங்கள். வராத வரியில்தான் பிழை.

மீதியில் இவ்வளவு என்று போய்க்கொண்டிருந்த கணக்கு, நடுவில் "முதலில் இருந்த தொகையில் 1/6" என்று திரும்பினால் மட்டும் இந்த வழி நின்றுவிடும். கழிக்க வேண்டிய தொகையே தெரியாதபோது பின்னோக்கிப் போக முடியாது. அங்கே x-தான் வழி.