நான்கு ஸ்நேர் அடிகள்

"நான் வாசிச்சதுதானே அண்ணா, நான் சொன்னா போதாதா?" என்று அந்த டிரம்மர் கேட்டாள். "ரெக்கார்டு உன்னோடது மட்டும் இல்லையேம்மா" என்றேன். அவ்வளவுதான் நடந்தது. யாரும் குரல் உயர்த்தவில்லை. சரி என்று சொல்லிவிட்டு ஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஒரு பங்க் ராக் இசைக்குழுவின் முதல் ரெக்கார்டு, நான்கு பாட்டு, ஏழு அங்குல வினைல் இசைத்தட்டு. அது வெளிவந்து, வாங்க வேண்டியவர்கள் வாங்கி, பேச வேண்டியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். அதைப் பதிவு செய்த ரெக்கார்டிங் என்ஜினியரான எனக்குத்தான் இந்த இரண்டு வரி இன்னும் அடங்கவில்லை. மிக்ஸ் செய்துகொண்டிருக்கும்போது திடீரென்று வந்து நிற்கிறது.

விஷயம் சின்னது. மூன்றாவது பாட்டில் இரண்டாவது கோரஸ் முடிந்ததும் எல்லாரும் சட்டென்று நிறுத்துவார்கள். கிதார் ஆம்ப்பின் ரீங்காரம் மட்டும் கேட்கும். அப்போது டிரம்ஸ் தனியாக, ஸ்நேர் என்கிற கூர்மையான சத்தம் தரும் டிரம்மில் நான்கு அடி, அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் உள்ளே வரவேண்டும். கடைசியாக எடுத்த டேக்கில், அதாவது ஒருமுறை வாசித்துப் பதிவு செய்ததில், இரண்டாவது அடி தோலின் நடுவில் விழாமல் விளிம்பில் பட்டுவிட்டது. 'டப்' என்று வரவேண்டிய இடத்தில் ஒரு மெல்லிய 'டிக்'. அந்தப் பதற்றத்தில் மூன்றாவதும் நான்காவதும் முந்திக்கொண்டு வந்தன, மற்ற மூவரும் அந்த வேகத்தையே பிடித்துக்கொண்டார்கள், அதன்பின் பாட்டு முடியும்வரை வேகம் குறையவே இல்லை. வேகம் மாறாமல் இருக்கக் காதில் ஒலிக்கவிடும் கிளிக் சத்தம் வைக்கவில்லை. நால்வரும் ஒரே அறையில், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசித்தது.

திரும்பப் போட்டுக் கேட்டதும் பாடகன் எழுந்து குதித்தான், "இதான், இதான் டேக்!" என்று. கிதார்காரனும் பேஸ் வாசிப்பவளும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றார்கள். எனக்கும் பிடித்திருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். தடுக்கி விழப்போனவன் விழாமல் அப்படியே ஓட ஆரம்பித்தது போல இருந்தது அந்த இடம். எவ்வளவு யோசித்தாலும் எழுதி வைத்து வாசிக்க முடியாத ஒன்று. டிரம்மர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்கள் ஆம்ப்களைத் தூக்கிக்கொண்டு வெளியே போனபிறகுதான் வந்தாள். முந்தைய டேக்கில் அந்த நான்கு அடியும் சுத்தமாக இருக்கிறதே, அதை எடுத்து இங்கே வைத்துவிடுங்கள், அவர்களுக்குத் தெரியவே தெரியாது என்றாள்.

முடியாத காரியம் இல்லை. ஒரே அறையில் பதிவு செய்தால் கிதார் சத்தம் டிரம்ஸ் மைக்குகளில் ஏறியிருக்கும், பாட்டின் நடுவே டிரம்ஸை மட்டும் வெட்டி ஒட்டினால் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் இந்த இடத்தில் கிதார் நின்றுவிட்டது, ரீங்காரத்தை மட்டும் சமாளித்தால் போதும். ஒரே சிக்கல் வேகம். பழைய டேக்கின் நிதானமான நான்கு அடிக்குப் பிறகு குழு திடீரென்று வேகமாக வந்தால் ஏன் என்று காது கேட்கும். அதையும் கடைசி இரண்டு அடிகளைக் கொஞ்சம் நெருக்கி வைத்து மறைத்திருக்கலாம். ஒரு அரைமணி நேர வேலை. "டெக்னிக்கலா முடியாதும்மா" என்று சொல்லியிருந்தால் அவளும் நம்பியிருப்பாள், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அந்தப் பொய்யைச் சொல்லவில்லை என்பதில் எனக்குத் திருப்திதான்.

ஆனால் அதற்குப் பதிலாகச் சொன்னது சரியா?

குழுவுக்குள் ஒரு பேச்சு இருந்தது. முதல் நாளே பாடகன் சொன்னான், எதையும் வெட்டி ஒட்டக்கூடாது, அறையில் வாசித்ததுதான் ரெக்கார்டு என்று. அமெரிக்க பங்க் குழுவான ராமோன்ஸ் முதல் ஆல்பத்தை 1976இல் ஏறக்குறைய ஒரு வாரத்தில் முடித்ததைச் சொன்னான், அதே ஆண்டுக் கடைசியில் இங்கிலாந்துக் குழுவான பஸ்காக்ஸ் தங்கள் முதல் ஈபியின் (சில பாட்டு மட்டும் உள்ள சின்ன ரெக்கார்டு) நான்கு பாட்டையும் ஒரே நாளில் பதிவு செய்ததைச் சொன்னான். மற்றவர்கள் தலையாட்டினார்கள். டிரம்மர் அப்போது குனிந்து ஹை-ஹாட் ஸ்டாண்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவளும் தலையாட்டினாளா என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன், நினைவில் இல்லை. அவள் மறுக்கவில்லை, அது மட்டும் நிச்சயம். மறுக்காமல் இருந்ததை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டுதான் நானும் அப்படிப் பதில் சொன்னேன்.

அந்தப் பஸ்காக்ஸ் ஈபியைப் பற்றி அவன் சொல்லாத ஒன்று உண்டு. 1977 ஜனவரியில் கடன் வாங்கிய 500 பவுண்டில் அவர்களே வெளியிட்டது, முதலில் 1000 பிரதி. அதன் உறையிலேயே ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது டேக், மேலே தனியாக என்ன சேர்த்தார்கள் என்பதெல்லாம் அச்சாகியிருக்கும். 'கிதார் டப்', அதாவது பிறகு மேலே சேர்த்த கிதார், என்றும் போட்டிருக்கும். அதாவது அவர்களும் சேர்த்தார்கள், சேர்த்ததைச் சொன்னார்கள். ராமோன்ஸ் ஆல்பத்தில் பேஸ் ஒரு பக்கம், கிதார் மறுபக்கம் என்று பிரித்து வைத்ததும் யாரோ உட்கார்ந்து எடுத்த முடிவுதான், தானாக நடந்ததில்லை. பங்க் ரெக்கார்டு என்றால் யாரும் கைவைக்காதது என்று நினைப்பது கேட்பவர்களின் ஆசை. செய்கிறவர்கள் அப்படி நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இது எனக்கு அன்றே தெரியும். தெரிந்துமா அப்படிச் சொன்னேன் என்றுதான் குழம்புகிறேன்.

நான் கற்றுக்கொண்ட வழி அமெரிக்க ரெக்கார்டிங் என்ஜினியர் ஸ்டீவ் ஆல்பினி வழி. 2024இல் இறந்துபோன அவர் புரொட்யூசர் என்ற பட்டத்தையே விரும்பாதவர், ராயல்டி வாங்காமல் வேலைக்கு மட்டும் கூலி வாங்கியவர். ரெக்கார்டு குழுவுடையது, அவர்கள் என்ன கேட்கிறார்களோ அதை ஒழுங்காகப் பதிவு செய்து கொடுப்பதுதான் நம் வேலை. இதை இன்றும் முழுமனதாக நம்புகிறேன். ஆனால் குழு என்பது ஒரு ஆள் இல்லையே. மூன்று பேர் ஒன்று சொல்லி, நான்காவது ஆள் தனியாக வந்து வேறொன்று சொன்னால், குழு சொன்னது எது? பெரும்பான்மைதான் என்றால் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. மூன்று பேரும் அந்த அடியைச் சரிசெய்யச் சொல்லி, அவள் மட்டும் வேண்டாம் என்றிருந்தால் என்ன செய்திருப்பேன்? கண்டிப்பாக "வாசிச்சது அவ, அவகிட்ட கேளுங்க" என்றிருப்பேன். அப்படியானால் அவள் சொன்னது போதும் என்றுதானே அர்த்தம்?

சரி, இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே ரெக்கார்டில் முதல் பாட்டில் பேஸில் ஒரு சுரம் விழாமல் போயிருந்தது, அடுத்த சரணத்திலிருந்து எடுத்து அங்கே வைத்தேன். யாரையும் கேட்கவில்லை, இது அன்றாட வேலை. பாடகனின் 'ஸ' ஒலிகளை எல்லாப் பாட்டிலும் குறைத்தேன், ஏனென்றால் வினைலில் அவை கரகரக்கும், ஊசி நடுவை நெருங்க நெருங்க இன்னும் மோசமாகும், ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டு மாட்டிக்கொள்ளும். இதையெல்லாம் தொடக்கூடாது என்றால் ரெக்கார்டே வராது. பேஸ் சுரம் வேலை, ஸ்நேர் அடி மட்டும் கொள்கையா என்று கேட்டால், என்னிடம் ஒரு பதில் உண்டு: அந்தச் சுரம் விழாமல் போனதை யாரும் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை, இந்த அடியை மூன்று பேர் கேட்டு, மகிழ்ந்து, இதுதான் வேண்டும் என்று தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அதை அவர்களுக்குத் தெரியாமல் மாற்றுவது வேறு விஷயம். பதில் சரியாகத்தான் படுகிறது. எழுதி முடித்தபின் கொஞ்சம் வசதியான பதிலாகவும் படுகிறது.

"அவங்ககிட்ட கேளு, சரின்னா இப்பவே பண்ணித்தர்றேன்" என்றும் சொன்னேன். நியாயமான வழிதான். ஆனால் பாடகனுக்குத் தொண்டை கட்டிவிட்டது, இன்னொரு டேக் எடுக்க வாய்ப்பில்லை, மூன்று பேர் கொண்டாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் முன்னால் போய், நீங்கள் கொண்டாடுவது நான் தவறவிட்ட அடி என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். அவள் கேட்க மாட்டாள் என்பது எனக்குத் தெரிந்திருந்ததா? தெரியும் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அவளுக்காக நான் போய்ப் பேசியிருந்தால் அது அவளை இன்னும் சிறுமைப்படுத்தியிருக்கும் என்றும் நினைக்கிறேன்.

அப்புறம் நடந்ததுதான் விஷயத்தை இன்னும் சிக்கலாக்கியது. ரெக்கார்டு வந்தபின் அந்த இடம்தான் எல்லாருக்கும் பிடித்துப்போனது. இப்போது மேடையில் அந்தப் பாட்டை அப்படியேதான் வாசிக்கிறார்கள். அவள் இரண்டாவது அடியை வேண்டுமென்றே விளிம்பில் அடிக்கிறாள், மூன்றையும் நான்கையும் வேண்டுமென்றே நெருக்குகிறாள், கூட்டம் அதற்காகக் காத்திருந்து கத்துகிறது. நான் பார்த்தபோதெல்லாம் ஒரு முறைகூடப் பிசகவில்லை. கஷ்டமான வாசிப்பு அது, கைதவறி வந்த ஒன்றை அதே அளவில் திரும்பத் திரும்பக் கொண்டுவருவது. நிகழ்ச்சி முடிந்ததும் ஒருமுறை அவளிடம் கேட்டேன். "பழகிடுச்சுண்ணா" என்றாள். ரெக்கார்டைக் கேட்பாயா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. கூட்டம் கத்துகிறது என்பதால் நான் சொன்னது சரியாகிவிடாது, அதை மட்டும் தெளிவாகவே சொல்வேன். யாரும் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தாலும் அவள் கேள்வி இதே கேள்விதான்.

இப்போது வேறொன்று செய்து பார்க்கிறேன். சமீபத்தில் ஒரு குழுவில் கிதார் வாசிப்பவர் தன் ஒரு வரியை மட்டும் வேறு டேக்கிலிருந்து மாற்றித் தரச் சொன்னார், தனியாக வந்துதான் சொன்னார். மாற்றிக் கொடுத்தேன், ஆனால் மிக்ஸ் அனுப்பும்போது எந்த இடத்தில் எந்த டேக்கின் கிதார் என்பதைக் கீழே எழுதிவிடுவேன் என்று முன்கூட்டியே சொன்னேன். "எழுதணுமா?" என்று கேட்டார். எழுதணும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். மற்றவர்கள் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குழுவில் எல்லாரும் பல வருடப் பழக்கம், ஒருவர் தவறுக்கு இன்னொருவர் அலட்டிக்கொள்ளாதவர்கள், அதனால் சுலபமாக முடிந்தது. முதல் ரெக்கார்டுக்கு வருகிற குழுவில் இது எப்படிப் போகும் என்று என்னால் சொல்ல முடியாது.