கடைசித் தவணைக்குப் பிறகு

ஜூன் 3
வீட்டுக் கடனின் கடைசித் தவணையும் கட்டியாயிற்று. 15 வருடம். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஒன்றும் தோன்றவில்லை. கை கழுவப் போனேன்.

ஜூன் 4
தூங்கினேன்.

ஜூன் 8
இன்றும் 5.30க்கே விழிப்பு. எதற்கு எழுந்தேன் என்று விளையாட்டாகத்தான் கேட்டுக்கொண்டேன். பல் துலக்கும்போதும் அதே கேள்வி. பஸ்ஸிலும். இத்தனை நாள் 'தவணைக்காக' என்று ஒரு பதில் இருந்தது. மட்டமான பதில்தான். ஆனாலும் பதில்.

ஜூன் 11
பத்திரம் வந்தது. உறையைப் பிரிக்கவில்லை.

ஜூன் 15
டாக்டர். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா, இரண்டு வாரமாக இப்படியா என்று வரிசையாகக் கேட்டார். தூக்கம் வருகிறது. பசிக்கிறது. சாகத் தோன்றவில்லை. இரண்டு வாரத்துக்கு இன்னும் இரண்டு நாள் பாக்கி. "அப்புறம் என்னதான் பண்ணுது?" "எல்லாம் எதுக்குன்னு தெரியல சார்." பேனா நின்றுவிட்டது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று பார்த்தார் போல. ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்து மறுபடி வரச் சொன்னார். நல்ல மனிதர்.

ஜூன் 19
ஜான் ஸ்டூவர்ட் மில், ஆங்கிலேயத் தத்துவவாதி. 1826, வயது 20. உலகத்தைத் திருத்துவதே வாழ்க்கை என்று இருந்தவன். நினைத்ததெல்லாம் இந்த நிமிடமே நடந்துவிட்டால் உனக்குச் சந்தோஷமா என்று தன்னையே கேட்டிருக்கிறான். இல்லை என்று உள்ளிருந்து பதில் வந்ததாம். பொறாமையாக இருக்கிறது. அவன் ஒரு கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டான், நான் 15 வருடம் கட்டித் தெரிந்துகொண்டேன்.

அந்தக் குளிர்காலத்திலும் அவன் வேலையை விடவில்லை. எல்லாம் பழக்கத்தில் ஓடியிருக்கிறது. விவாதக் கூட்டங்களில் பேசியிருக்கிறான். எப்படிப் பேசினான் என்று அவனுக்கே தெரியாது.

ஜூன் 20
மீட்டிங்கில் நான் பேசியது பிரமாதமாம். என்ன பேசினேன்?

ஜூன் 24
தங்கை போன். "அடுத்து என்னண்ணா, காரா?" எரிந்து விழுந்தேன். பாவம். வைத்த பிறகு சும்மா உட்கார்ந்து வட்டிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்னும் 5 வருடத்துக்குப் பதில் கிடைக்கும்! அந்த அரைமணி நேரம் நன்றாகவே இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 25
உறைமேல் யாரோ டம்ளர் வைத்திருக்கிறார்கள். வட்டமாகக் கறை.

ஜூன் 29
ஒருவருடைய நினைவுக் குறிப்பில் ஒரு பக்கத்தைப் படித்தபோது மில்லுக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவை இழந்த பையன், வீட்டுக்கு இனி நான் இருக்கிறேன் என்று நினைக்கும் இடம். நான் கல் இல்லை என்று மில்லுக்கு அப்போது தெரிந்ததாம். நானும் தேடிப் படித்தேன். கொட்டாவி வந்தது.

ஜூலை 2
5.30. கேள்வி வரப் பத்து நிமிடம் தாமதம்.

ஜூலை 3
உறையைக் காணோம். மேசைமேல் இல்லை, பீரோவில் இல்லை. யாரும் எடுக்கவில்லை என்கிறார்கள். படபடப்பாக இருக்கிறது. பரணில் பார்க்க வேண்டும்.