தேங்க்ஸ்கிவிங்குக்கு நீ என்ன கொண்டு வருகிறாய்?

நவம்பர் பிறந்ததும் எங்கள் லேபின் சாப்பாட்டு அறையில், பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டிவிடுவார்கள். இடது பக்கம் பெயர், எதிரே அவர் செய்து கொண்டு வரப்போகும் சாப்பாடு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செயின்ட் பாலில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம் அந்தத் தாளை முதல்முறையாகப் பார்த்தேன். நவம்பர் நான்காவது வியாழன் இங்கே தேங்க்ஸ்கிவிங், நன்றி சொல்லும் பண்டிகை. அன்று இந்த நாடே கடையை அடைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும். ஆஸ்பத்திரிக்கு மட்டும் லீவு கிடையாது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத்தான் அன்றைய ஷிப்ட் விழும். எனக்கும் விழுந்தது.

தாளில் எழுதியிருந்த பெயர்களில் பாதி எனக்குப் புரியவில்லை. கேசரோல், ஸ்டஃபிங், ஜெல்லோ சாலட், ஹாட்டிஷ். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது புரிந்தது. ஒருவர் ‘அம்மாவுடையது’ என்று எழுதியிருந்தார். இன்னொருவர் ‘பெரியம்மா பக்குவம்’. மூன்றாமவர் ‘அப்பா செய்தது போல வராது, முயற்சி செய்கிறேன்’. அதைப் படித்ததும் அந்தத் தாள் எனக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. நான் எலுமிச்சைச் சாதம் என்று எழுதிவிட்டு வேலைக்குப் போனேன்.

வியாழன் காலையிலிருந்தே ஒவ்வொன்றாக வந்து மேசையில் உட்கார்ந்தன. முதலில் கிரீன் பீன் கேசரோல். பீன்ஸ், டின்னில் வரும் காளான் சூப், மேலே வறுத்த வெங்காயம், அவ்வளவையும் கலந்து ஓவனில் வைத்தது. 1955-இல் நியூ ஜெர்சியின் கேம்டனில், கேம்ப்பெல் சூப் கம்பெனியின் சமையல் கூடத்தில் டார்கஸ் ரைலி என்ற பெண்மணி உண்டாக்கிய பக்குவம் இது. டின் சூப்பில் செய்வதெல்லாம் ஒரு பண்டிகைச் சமையலா என்று எனக்கு முதலில் மனசு ஒட்டவில்லை. கொண்டு வந்தவர் இரவு ஷிப்டில் வேலை பார்ப்பவர். வீட்டுக்குப் போகாமல் மைக்ரோவேவ் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். “எங்கள் அம்மா பேக்டரியில் வேலை பார்த்தார். சாயங்காலம் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் இதை ஓவனில் தள்ளிவிடுவார். அரை மணி நேரத்தில் நாங்கள் ஐந்து பேரும் சாப்பிட்டுவிடுவோம்” என்றார். அம்மா போய் ஆறு வருடமாம். அதன்பிறகு அந்தப் பீன்ஸை நான் பழைய கண்ணோடு பார்த்ததில்லை. பாட்டி கைப்பக்குவம் என்றால் அம்மியில் அரைத்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வேலைக்குப் போன ஓர் அம்மாவின் அவசரத்திலும் அதே பாசம்தான் இருந்திருக்கிறது.

எனக்குப் பக்கத்து மெஷினில் வேலை பார்ப்பவர் மங் இனத்துப் பெண். லாவோஸில் போர் முடிந்து, தாய்லாந்து அகதி முகாம்களில் வருடக்கணக்கில் இருந்து, பிறகு இங்கே வந்து சேர்ந்த குடும்பம். செயின்ட் பாலில் அப்படி வந்தவர்கள் நிறைய. புதன் இரவு அவர்கள் வீட்டில் அக்கா தங்கைகள் எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து முட்டை ரோல் சுற்றுவார்களாம். அதற்குத் தொட்டுக்கொள்ள மிளகாயும் கொத்தமல்லியும் இடித்த சட்னி. மூன்று வருடத்தில் நான் இங்கே சாப்பிட்டதில் நம் நாக்குக்கு மிக நெருக்கமான உறைப்பு அதுதான். “வான்கோழி இல்லாமல்கூட ஒப்பேற்றிவிடலாம். முட்டை ரோல் இல்லாவிட்டால் எங்கள் மாமா காரை விட்டே இறங்க மாட்டார்” என்றார்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கை மசித்து மேலே மார்ஷ்மெல்லோ பரப்பிச் சுட்ட ஒன்றும் இருந்தது. அது எனக்கு இன்றுவரை பழகவில்லை. கிழங்கிலேயே இருக்கிற இனிப்பு போதாதா?

அன்றைக்கு என்னை ரொம்ப நேரம் நிற்க வைத்தது ஒரு பாத்திரம் அரிசி. கறுப்பும் பழுப்புமாக, ஊசி போல நீளமாக, வெந்து வெடித்து உள்வெள்ளை தெரிந்தது. நம் கவுனி அரிசியோ என்று கிட்டப் போய் முகர்ந்தேன். புகை வாசனை. கொண்டு வந்தவர் ஓஜிப்வே பழங்குடியைச் சேர்ந்தவர், ரத்தம் எடுக்கும் பிரிவில் இருபது வருடமாக இருக்கிறார். அவர்கள் மொழியில் அதற்கு மனூமின் என்று பெயர். இங்கே எல்லாரும் வைல்ட் ரைஸ் என்பார்கள். ஏரித் தண்ணீரில் தானாக விளைகிற புல்லின் மணி. உணவு தண்ணீரின் மேல் விளைகிற இடம் வரை போங்கள் என்ற வாக்கைப் பின்பற்றித்தான் தங்கள் முன்னோர் கிழக்கிலிருந்து இந்த ஏரிகளுக்கு வந்தார்கள் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் கதை.

அறுவடை செய்யும் முறையை அவர் போனில் எடுத்து வைத்திருந்த வீடியோவில் காட்டினார். சிறிய படகில் இரண்டு பேர். ஒருவர் நீளக் கழி ஊன்றிப் படகைத் தள்ள, இன்னொருவர் ஒரு குச்சியால் கதிரைப் படகுக்குள் சாய்த்து, மற்றதால் மெல்லத் தட்டுகிறார். பழுத்த மணி மட்டும் உதிரும். கொஞ்சம் தண்ணீரில் விழும், அது அடுத்த வருடத்து விதை. பிறகு அரிசியை இரும்புச் சட்டியில் வறுத்து, காலால் மிதித்து உமி நீக்கி, பிர்ச் மரப்பட்டையால் செய்த அகலத் தட்டில் புடைக்கிறார்கள். அந்தப் புடைக்கும் கை அசைவைப் பார்த்ததும் நான், “இருங்கள், இருங்கள், திரும்பப் போடுங்கள்” என்றேன். கும்பகோணம் பக்கம் எங்கள் அத்தை முறத்தைத் தூக்கிப் போடும்போது கடைசியில் மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டுவார். அதே வெட்டு. நான் வெறுங்கையால் செய்து காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, “உமி எந்தப் பக்கம் போகும்?” என்று கேட்டார். காற்றுப் பக்கம் என்றேன். “தெரிந்தவள்தான்” என்றார்.

அந்த வாரம்தான் என் மகள் பள்ளியிலிருந்து ஒரு படம் கொண்டு வந்திருந்தாள். உள்ளங்கையைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு இழுத்தால் வான்கோழி. கட்டைவிரல் தலை, மற்ற நான்கும் தோகை. ஒவ்வொரு விரலிலும் யாருக்கு நன்றி என்று எழுத வேண்டும். அம்மா, அப்பா, ஆச்சி, நாலாவது விரலில் ஸ்கூல் பஸ் டிரைவர். தினமும் காலையில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற முதல் மனிதர் அவராம். படத்தோடு ஒரு கதையும் வந்தது. 1621-இல் இங்கிலாந்திலிருந்து வந்து பிளிமத்தில் குடியேறியவர்களும் அங்கிருந்த பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களும் சேர்ந்து அறுவடை விருந்து உண்டார்கள் என்ற கதை. அதற்குப் பிறகு அந்த மக்களின் நிலம் என்ன ஆனது என்பது அந்தத் தாளில் இல்லை. 1970 முதல் ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் அன்றும் அதே பிளிமத்தில் பூர்வகுடிகள் கூடித் துக்க நாள் அனுசரிக்கிறார்கள்.

நான் தயங்கித் தயங்கித்தான் அந்த ஓஜிப்வே அம்மாவிடம் கேட்டேன், உங்களுக்கு இந்த நாள் எப்படி என்று. அவர் கோபப்படவில்லை. “அந்தக் கதைக்காக நாங்கள் கூடுவதில்லை. எல்லாருக்கும் லீவு, பிள்ளைகள் வருவார்கள், வீட்டில் அரிசி இருக்கிறது. நன்றியை நாங்கள் அறுவடைக்கு முன்னாலேயே தண்ணீருக்குச் சொல்லிவிடுவோம், புகையிலை வைத்து” என்றார். மகளுக்கு வீட்டில் இரண்டு கதையையும் சொன்னேன். எந்த வயதில் எவ்வளவு சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் ஒன்றை மட்டும் சொல்ல மனம் வரவில்லை.

அன்று மதியம் சாப்பிடும்போது சூப்பர்வைசர், “சரி, ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள், எதற்கு நன்றி?” என்றார். இங்கே கடையில், பஸ்ஸில், லிப்டில் ஒரு நாளைக்கு நூறு தடவை தேங்க் யூ சொல்கிற மனிதர்கள் ஆயிற்றே, கடகடவென்று சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன். இல்லை. எல்லாரும் தட்டைப் பார்த்தார்கள். ஒருவர் “ஹீட்டர்” என்றார். இன்னொருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “என் தம்பி குடியை விட்டு ஒரு வருடம் ஆகிறது” என்று சொல்லிவிட்டு உடனே பூசணியில் செய்த ‘பம்ப்கின் பை’ என்ற இனிப்பை வெட்டப் போய்விட்டார். மனசில் இருப்பதைச் சொல்வது அவர்களுக்கும் லேசில்லை. நம் வீட்டில் அம்மாவுக்கு யாராவது நன்றி சொல்வோமா? சொன்னால் அந்நியமாகத்தான் இருக்கும். நான் அன்று எல்லாருக்கும் பொதுவாக ஏதோ சொல்லி முடித்துக்கொண்டேன்.

அப்புறம் ஜனவரி வந்தது. ஒரு நாள் விடிகாலை ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் மைனஸ் 20 பாரன்ஹீட், நம் கணக்கில் மைனஸ் 29 டிகிரி. கார் பேட்டரி செத்துக் கிடந்தது. என்னோடு வெளியே வந்த மூத்த டெக்னீஷியன், நார்வேயிலிருந்து வந்த குடும்பத்தின் பேரன், ஒன்றும் பேசாமல் தன் காரைக் கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தி, ஜம்பர் கேபிள் மாட்டி, என் வண்டி உயிர் பிடிக்கும் வரை ஒரு மணி நேரம் நின்றார். மறுநாள் என் மேசையில் ஒரு பை. உள்ளே கம்பளி, மெழுகுவத்தி, தீப்பெட்டி, கையடக்க மண்வாரி, புது கேபிள். ‘டிக்கியில் வை, ஏப்ரல் வரை எடுக்காதே’ என்று ஒரு சீட்டு.

அடுத்த தேங்க்ஸ்கிவிங்குக்கு அவர் வீட்டில் எங்களைக் கூப்பிட்டார்கள். எட்டு கிலோ வான்கோழி. ஞாயிற்றுக்கிழமையே பிரீசரிலிருந்து எடுத்துப் பிரிட்ஜில் வைத்தால்தான் வியாழனுக்குள் பனி விடுமாம். தொடையின் தடித்த இடத்தில் தெர்மாமீட்டரைக் குத்தி 165 டிகிரி பாரன்ஹீட் காட்டிய பிறகே வெளியே எடுத்தார், லேபில் இருக்கும் அதே கவனத்தோடு. மார்புக்கறி கொஞ்சம் வறட்சிதான், கிரேவி ஊற்றினால் சரியாகிவிடுகிறது. தொடைக்கறி நன்றாக இருந்தது. டிவியில் டெட்ராய்ட் லயன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டம் ஓடியது. அந்த அணி 1934 முதல் இந்த நாளில் ஆடி வருகிறதாம்.

மேசையில் என் முறை வந்தது. இந்தத் தடவை ஜனவரிக் காலையைச் சொன்னேன். அந்த ஒரு மணி நேரம், அந்தச் சீட்டு, அதை இன்னும் பர்ஸில் வைத்திருப்பது, எல்லாவற்றையும். குரல் கொஞ்சம் உடைந்தது. அவர் காது சிவந்துவிட்டது. “அந்த உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளுங்கள்” என்றார். எங்கள் அப்பாவும் அப்படித்தான். யாராவது நன்றி என்று ஆரம்பித்தால், “அட, இதுக்குப் போயி” என்று எழுந்து துண்டைத் தேடுவார்.

அந்த டெக்னீஷியனின் அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. பேச்சை மாற்றுகிற மாதிரி, துணி சுற்றிய ஒரு தட்டை என் முன்னால் நகர்த்தினார். உள்ளே லெஃப்ஸா. உருளைக்கிழங்கு ரொட்டி, மேலே வெண்ணெய் தடவிச் சர்க்கரை தூவிச் சுருட்டியது. பூரணம் இல்லாத போளி என்று சொல்லலாம். வாயில் வைத்ததும் கரைந்தது. எப்படித் தேய்க்கிறீர்கள் என்று நான் கேட்ட கேள்வியிலேயே அவருக்கு ஏதோ தெரிந்துவிட்டது. “அடுத்த வருடம் சுடுகிற அன்றைக்கு வா” என்றார்.

போன சனிக்கிழமை போனேன். முந்தின நாளே வேகவைத்து மசித்து வெண்ணெயும் கிரீமும் சேர்த்து ஆறவைத்த உருளைக்கிழங்கு. மாவை உருட்டுவதற்குச் சற்று முன்னால்தான் சேர்க்க வேண்டும், முன்னாடியே சேர்த்தால் நீர்விட்டுப் பிசுபிசுக்கும். துணி போர்த்திய வட்டப் பலகை, வரிவரியாகக் கோடு வெட்டிய கட்டை. எண்ணெய் இல்லாத தட்டைக்கல்லில் போட்டு, நீளமான மெல்லிய குச்சியை நடுவில் நுழைத்துத் தூக்கித் திருப்ப வேண்டும். முதல் இரண்டு எனக்குக் கிழிந்தன. மூன்றாவது வட்டமாக வந்தது, ஓரம் கல்லுக்கு வெளியே தொங்கும் அளவுக்கு. அவர் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். மறுபக்கம் இருந்த ஜன்னல் அதன் வழியே மங்கலாகத் தெரிந்தது. “நீ தேய், நான் திருப்புகிறேன்” என்று நாற்காலியைக் கல்லுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். மதியத்துக்குள் நாற்பத்தேழு சுட்டோம்.

லேபில் இந்த வருடத் தாள் ஒட்டியாகிவிட்டது. என் பெயருக்கு நேரே இரண்டு எழுதியிருக்கிறேன். எலுமிச்சைச் சாதம், அத்தை பக்குவம். லெஃப்ஸா, அவர் அம்மாவுடையது.