பென்னிகுயிக் படமும் எங்க வாய்க்காலும்

மேலூர்ல நான் டீ குடிக்கிற கடையில முருகன் படத்துக்குப் பக்கத்துலயே, முல்லைப் பெரியாறு அணை கட்டின வெள்ளைக்கார இன்ஜினியர் பென்னிகுயிக் படம். ரெண்டுக்கும் ஒரே ஊதுபத்திதான். மீசை மேல போன பொங்கலுக்குப் போட்ட மாலையோட நார் மட்டும் இன்னும் தொங்குது.

பொண்டாட்டி நகையை வித்து அணை கட்டினாருன்னு பெரியப்பா இன்னைக்கும் ஆரம்பிச்சாரு. "அது சர்க்காரு பணம் பெரியப்பா"ன்னேன். முறைச்சாரு. எனக்கென்னவோ அந்தக் கதை இல்லாமலே மனுசன் பெரிய ஆளுதான். 1841ல புனேயில பிறந்து, ராணுவப் பொறியாளரா மெட்ராசுக்கு வந்தவரு. 1887ல வேலை தொடங்கி 1895ல முடிஞ்சது. காடு, மலேரியா, நடுவுல வெள்ளம் வந்து கட்டினதை அடிச்சுட்டுப் போறதுன்னு எட்டு வருசம். சிமெண்ட்டு இல்ல, சுண்ணாம்பும் சுர்க்கிங்கிற செங்கல் பொடியும்தான். மேற்கே அரபிக்கடலுக்கு ஓடுன பெரியாத்தை மறிச்சு, மலையைக் குடைஞ்சு கிழக்கே வைகைப் பக்கம் திருப்பிட்டாங்க.

பொதுப்பணித்துறைச் செயலாளர், மெட்ராஸ் சட்டசபை உறுப்பினர்னு நாற்காலியிலயும் உட்கார்ந்தாரு. அந்தக் கோப்பு வேலையெல்லாம் எங்க ஊர்ல யாருக்கும் தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேண்டாம்.

வைகையில பேரணைங்கிற இடத்துல பிரியுற பெரியாறு கால்வாய் கள்ளந்திரி வரைக்கும் இருபோகம். அதுக்குக் கீழ நாங்க ஒருபோகம். தண்ணி திறந்தாச்சுன்னு பேப்பர்ல போட்டா வண்டி எடுத்துட்டுப் போய் மடையைத்தான் முதல்ல பாப்போம். போன தடவ போனப்ப காஞ்ச சேத்துல ஒரு செருப்பும் ரெண்டு கொக்கும்தான் இருந்துச்சு.

பெரியப்பா டீ கிளாசை வச்சுட்டு, படத்தைப் பாத்து, "தொரை, நம்ம மடைக்கும் கொஞ்சம் சொல்லுங்க"ன்னாரு.