வடசென்னையில் இப்போது வாடகை கம்மியா?

வடசென்னையில் வாடகை கம்மி என்று தெற்குப் பக்கம் இருக்கும் நண்பர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அது மெட்ரோ வருவதற்கு முந்தைய கதை. தங்கச்சி குடும்பத்துக்காகத் தண்டையார்பேட்டையில் ஆரம்பித்து விம்கோ நகர் வரை தெருத்தெருவாக வீடு பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரைக்கும், 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ஓட ஆரம்பித்தது. வேலை நடந்த அத்தனை வருடமும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் தூசியைத் தின்றவர்கள் இங்கேயே குடியிருந்த வாடகைக்காரர்கள். வண்டி ஓட ஆரம்பித்ததும் முதலில் வாடகை ஏறியதும் அவர்களுக்குத்தான். இப்போது டோல்கேட், காலடிப்பேட்டை, தேரடி என எங்கே விசாரித்தாலும் பேச்சு ஸ்டேஷனிலிருந்துதான் தொடங்குகிறது. காலடிப்பேட்டையில் ஒரு மாடி வீடு பார்த்தோம். சிங்கிள் பெட்ரூம், கட்டில் போட்டால் பீரோவுக்கு இடமில்லை, கிச்சன் ஜன்னலைத் திறந்தால் கை நீட்டித் தொடுகிற தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர். "மெட்ரோல இறங்கினா அஞ்சு நிமிஷ நடை தம்பி, அதனாலதான் பன்னிரண்டு சொல்றேன்" என்றார் வீட்டுக்கார அம்மா. தங்கச்சி கேட்டது ஒரே கேள்வி: "தண்ணி மேலே ஏறுமா?" ஏறாது. கார்ப்பரேஷன் தண்ணீர் வரும்போது கீழே தெருவில் இருக்கும் அடிபம்பில் பிடித்து, குடம் குடமாகப் படியேற்ற வேண்டும். ரயில் வந்துவிட்டது, சரி. மாடிக்குத் தண்ணீர் வராத வீட்டுக்கு ரயிலைக் காட்டி வாடகை ஏற்றுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பெரம்பூர், அயனாவரம் பக்கம் கதையே வேறு. ரயில்வே வேலைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கும் இடம், பள்ளிக்கூடம், மார்க்கெட் எல்லாம் பக்கத்திலேயே. பின்னி மில் இருந்த நிலத்தில் இப்போது உயரமான அடுக்குமாடிகள் நிற்கின்றன. அந்த மாதிரி கட்டிடங்களில் வாடகையோடு மெயின்டனன்ஸ் தனியாக வரும். மாதவரத்திலிருந்து மூலக்கடை, பெரம்பூர் வழியாகப் போகும் இரண்டாம் கட்ட மெட்ரோ இன்னும் முடியவில்லை, ஆனாலும் அதைச் சொல்லி இப்போதே விலை பேசுகிறார்கள். சௌகார்பேட்டை, மண்ணடியில் கடையும் குடோனும்தான் வாடகையை நிர்ணயிக்கின்றன. சரக்கு வைக்க ஒருவர் அதிகம் தருவார் என்றால் வீட்டுக்காரர் குடித்தனம் வைக்க யோசிக்கத்தான் செய்வார்.

வியாசர்பாடி, புளியந்தோப்பு, பட்டாளம் பக்கம் வாடகை குறைவாகக் கேட்டால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அந்தத் தெருவில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று எதிர்வீட்டில் விசாரித்துவிடுங்கள். சுவரில் கறை தெரியாது, பெயின்ட் அடித்திருப்பார்கள். அப்புறம், வாசற்படியைப் பாருங்கள். ரோட்டின் மேலேயே ரோடு போட்டுப் போட்டு, பல பழைய வீடுகளில் இப்போது தெருவிலிருந்து உள்ளே இறங்க வேண்டியிருக்கிறது. அந்தக் கீழ் வீட்டில் வாடகை எவ்வளவு குறைந்தாலும் ஒரு மழையில் ஃபிரிட்ஜும் மெத்தையும் போய்விடும்.

வாடகையாகச் சொல்லும் தொகை கணக்கில் பாதிதான். கரண்ட் பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரே இணைப்பில் நாலு குடித்தனம் இருந்து, ஆளுக்கொரு சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது என்று வாங்கினால் அந்த இலவசம் குடித்தனக்காரர் கைக்கு வருவதே இல்லை. தனி மீட்டரா என்று முதலிலேயே கேளுங்கள். சொத்து வரி ஏறிவிட்டது என்பது இன்னொரு காரணம். 2022-இல் ஏறியது உண்மை. 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்குப் பழைய மாநகராட்சிப் பகுதியில் 50 சதவீதம், 2011-இல் சேர்ந்த திருவொற்றியூர், மணலி, மாதவரத்தில் 25 சதவீதம். சின்ன வீட்டுக்கு அது அரையாண்டுக்குச் சில நூறு ரூபாய். அதற்காக மாதம் ஆயிரம் ஏற்றுவது நியாயமே இல்லை.

எல்லாவற்றையும் விட ஆளை அடிப்பது அட்வான்ஸ். 12,000 ரூபாய் வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் என்றால் 1,20,000. புரோக்கருக்கு ஒரு மாதம், காலி செய்யும்போது பெயின்ட் காசு என்று ஒரு மாதம். துறைமுகத்திலும் மார்க்கெட்டிலும் கூலி வேலை செய்பவர் மாத வாடகையை எப்படியாவது புரட்டிவிடுவார், இந்த மொத்தத் தொகைக்கு நகையை அடகு வைக்க வேண்டும். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. பத்து மாதம் என்று எழுதிய பத்திரத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் அதுவே மாற்று ஒப்பந்தம் ஆகிவிடும். அந்த "இல்லாவிட்டால்" என்ற ஓட்டையை அடைக்காமல் இந்தச் சட்டத்தால் இங்கே யாருக்கும் பெரிய பலன் இல்லை என்பது என் கருத்து.

மொத்தமாகப் பணம் புரட்ட முடிந்தவர்களில் பலர் இதனால்தான் லீசுக்குப் போகிறார்கள். சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு இரண்டு, மூன்று வருடம் மாத வாடகை இல்லாமல் இருக்கலாம், காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்ப வரும். வாங்கிய பணத்தை வீட்டுக்காரர் செலவழித்திருந்தால், அடுத்த ஆள் லீசுக்கு வரும்வரை உங்களுக்குப் பணம் வராது. வீடு ஏற்கெனவே பேங்க் அடமானத்தில் இருந்தால் இன்னும் மோசம். வீட்டின் மேல் பதிவான அடமானம் இருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம், பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். வெறும் முத்திரைத்தாளில் எழுதி வாங்காமல் பதிவும் செய்யுங்கள்.

தங்கச்சிக்குக் கடைசியில் திருவொற்றியூரில், ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு வீடு அமைந்தது. தனி மீட்டர், மோட்டார் போட்டால் மாடிக்குத் தண்ணீர் ஏறும். அட்வான்சைப் பேசிப் பேசி ஆறு மாதமாகக் குறைத்தோம். அதே தெருவில் இன்னொரு வீடும் காலியாகப் போவதாகச் சொன்னார்கள், தேடுபவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.